உங்கள் மருத்துவப் பதிவேட்டை நீங்களே திறந்து படியுங்கள்: லாகின் முதல் டாக்டரின் மேசை வரை

அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த இரண்டாம் நாள் காலையில் நர்ஸ் மாத்திரைகளைக் கொண்டுவந்து வைத்தார். அதில் ஒன்று, ஐந்து மாதங்களுக்கு முன்பே வேறொரு டாக்டர் நிறுத்திய பிரஷர் மாத்திரை. அதைச் சாப்பிட்டால் அம்மாவுக்கு இரண்டு காலும் வீங்கிவிடும். "இதை எனக்கு நிறுத்தியாச்சே" என்று அம்மாவே சொன்னதால் தப்பித்தோம். மயக்கத்தில் இருந்திருந்தால் யார் சொல்லியிருப்பார்கள்?

அங்கே யாரும் அலட்சியமாக நடந்துகொள்ளவில்லை. டாக்டரும் நர்ஸும் கணினியில் இருந்ததைத்தான் நம்பினார்கள். கணினியில் அந்த மாத்திரை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதே பட்டியல் அம்மாவின் போனில், அந்த ஆஸ்பத்திரியின் ஆப்பிலும் இருந்திருக்கிறது. நாங்கள் அந்த ஆப்பை அப்பாயின்ட்மென்ட் போட மட்டுமே திறந்துகொண்டிருந்தோம்.

அன்றிலிருந்து எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. இருதயத்துக்கு ஒருவர், சுகருக்கு ஒருவர், கண்ணுக்கு ஒருவர் என்று டாக்டர்கள் மாறுவார்கள், ஆஸ்பத்திரியும் மாறும். எல்லா அறையிலும் இருந்த ஒரே ஆள் நோயாளிதான். எந்த மாத்திரையை உண்மையில் விழுங்குகிறோம், எதை டப்பாவிலேயே விட்டுவைத்திருக்கிறோம் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அந்த ஆள் பதிவேட்டைப் படிக்கவில்லை என்றால், அதில் உள்ள பிழையைக் கண்டுபிடிக்க வேறு யாருமே இல்லை.

இது புது யோசனையும் இல்லை. நோயாளிக்கு அவருடைய பதிவேட்டின் பிரதியைக் கொடுத்துவிடலாம் என்று அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 1973லேயே எழுதிவிட்டார்கள். 2010இல் பாஸ்டன், சியாட்டில், பென்சில்வேனியா ஆகிய மூன்று இடங்களில் 105 டாக்டர்கள் 'ஓபன்நோட்ஸ்' என்ற பெயரில் அதைச் செய்து பார்த்தார்கள். தாங்கள் எழுதும் குறிப்புகளை நோயாளிகள் இணையத்தில் அப்படியே படிக்க விட்டார்கள். ஒரு வருடம் கழித்துக் கேட்டபோது, பதில் சொன்ன நோயாளிகளில் 99 சதவீதம் பேர் இது தொடர வேண்டும் என்றார்கள். டாக்டர்களில் ஒருவர்கூட நிறுத்திக்கொள்ளவில்லை.

சரி, எங்கே ஆரம்பிப்பது?

முதல் படி: கணக்கு உங்கள் கையில் இருக்கட்டும்

பல ஆஸ்பத்திரிகளும் ஆய்வகங்களும் ஆப்பிலோ இணையதளத்திலோ நோயாளிக்கென ஒரு பக்கம் வைத்திருக்கின்றன. பேஷன்ட் போர்ட்டல் என்பார்கள். சில நாடுகளில் அரசே நாடு முழுவதற்கும் ஒரே பதிவேட்டை நடத்துகிறது. எஸ்டோனியாவில் 2008 முதல் இருக்கிறது. உங்கள் இடத்தில் எது இருக்கிறது என்று வரவேற்பு மேசையில் ஒரு வார்த்தை கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

பதிவு செய்யும்போது கொடுக்கிற போன் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்கட்டும். பெரியவர்களுக்குக் கணக்கு தொடங்கும்போது பேரன் போன் எண்ணைக் கொடுத்துவிடுகிறோம். அப்புறம் ஓடிபி எங்கோ போய்ச் சேர, இவர்கள் இங்கே கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இந்தக் கணக்குக்கென்று தனி பாஸ்வேர்டு வையுங்கள். இரண்டு கட்டச் சரிபார்ப்பு இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். வங்கிக் கணக்கு எண் திருடு போனால் மாற்றிவிடலாம். உங்கள் நோய் வரலாற்றை மாற்ற முடியாது.

இரண்டாம் படி: முதல் நாளே நான்கு இடங்களைச் சரிபாருங்கள்

லாகின் ஆனதும் ரிப்போர்ட்டுகளுக்குத் தாவத்தான் மனம் சொல்லும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் ஒவ்வாமைப் பட்டியலைத் திறங்கள். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்று நீங்கள் வாயால் சொன்னது அங்கே ஏறியிருக்கிறதா? என்ன ஆனது என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டியது ஒரு விஷயம், வயிறு கொஞ்சம் கலங்கியது வேறு விஷயம். இரண்டையும் 'ஒவ்வாமை' என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டால், பின்னால் தேவையான ஒரு மருந்தை டாக்டர் வீணாகத் தவிர்க்க வேண்டி வரும்.

அடுத்து மருந்துப் பட்டியல். இதற்கு வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் மேசையில் கொட்டிக்கொண்டு உட்காருங்கள். ஒவ்வொன்றையும் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள்: பெயர், எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை வேளை. ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயர்களில் இரண்டு தடவை இருக்கலாம். அதனால் அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைப் பாருங்கள். சீட்டு இல்லாமல் வாங்கும் வலி மாத்திரை, சத்து மாத்திரை, மூலிகை மருந்து எல்லாம் இந்தப் பட்டியலில் சேர வேண்டியவை. டாக்டர் கேட்காததால் நாம் சொல்லாமல் விடுவது பெரும்பாலும் இவற்றைத்தான். சீட்டில் இருந்தும் நீங்கள் சாப்பிடாத மருந்து இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், கூச்சம் வேண்டாம். சாப்பிடுவதாக நினைத்துக்கொண்டு, "இது வேலை செய்யவில்லை" என்று அளவைக் கூட்டிவிடுவார்கள்.

மூன்றாவது, உங்களுக்கு இருக்கும் நோய்களின் பட்டியல். எப்போதோ சந்தேகத்தில் எழுதிய நோய் நிரந்தரமாக அங்கேயே தங்கிவிடுவதுண்டு. நான்காவது, பெயர், பிறந்த தேதி, அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் எண். இதில் நேரம் ஆகாது. ஆனால் அதே பெயருள்ள இன்னொருவரின் ரிப்போர்ட் உங்கள் கணக்கில் வந்து விழுந்திருந்தால் இங்கேதான் கண்டுபிடிப்பீர்கள்.

பிழை இருந்தால் என்ன செய்வது? மருந்தும் ஒவ்வாமையும் என்றால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் போர்ட்டலிலேயே செய்தி அனுப்புங்கள். மற்றவற்றுக்கு ஆஸ்பத்திரியின் பதிவேட்டுப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். எந்தத் தேதிப் பதிவு, என்ன எழுதியிருக்கிறது, எப்படி இருக்க வேண்டும், அதற்கு என்ன ஆதாரம் என்று எழுதினால் போதும். பழைய வரியை அவர்கள் அழிக்க மாட்டார்கள். திருத்தத்தைக் கூடவே சேர்ப்பார்கள். அதுதான் முறை. பிழை கண்டுபிடிப்பது அபூர்வம் என்று நினைக்காதீர்கள். 2020இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், தங்கள் குறிப்புகளைப் படித்த 22,889 நோயாளிகளில் ஐந்தில் ஒருவர் அதில் தவறு இருப்பதாகச் சொன்னார். அப்படிச் சொன்னவர்களில் பத்துக்கு நான்கு பேர் அந்தத் தவறு கடுமையானது என்றார்கள்.

மூன்றாம் படி: ரிப்போர்ட்டைப் பயமில்லாமல் படிக்கப் பழகுங்கள்

ராத்திரி பத்து மணிக்கு போன் சிணுங்குகிறது: 'உங்கள் பரிசோதனை முடிவு தயார்.' திறந்தால் இரண்டு வரிகள் சிவப்பில். டாக்டரை நாளை மறுநாள்தான் பார்க்க முடியும். அந்த ராத்திரி எப்படிப் போகும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

முதலில் அந்தச் சிவப்பு எப்படி வருகிறது என்று பார்ப்போம். ரிப்போர்ட்டில் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் இயல்பு அளவு என்று ஒரு எல்லை போட்டிருப்பார்கள். பெரும்பாலான பரிசோதனைகளில் அது, ஆரோக்கியமான பலரைச் சோதித்து, அவர்களில் நடுவில் இருக்கும் 95 சதவீதம் பேரின் எண்களை எடுத்துப் போட்ட எல்லை. அதாவது எந்த நோயும் இல்லாத இருபது பேரில் ஒருவர் அந்த எல்லைக்கு வெளியே இருப்பார். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளை ஒரே நாளில் எடுத்தால், நல்ல ஆரோக்கியமாக இருப்பவருக்கும் ஏதாவது ஒன்று சிவப்பாக வர ஏறக்குறைய 64 சதவீத வாய்ப்பு உண்டு. 'ஃபுல் பாடி செக்கப்' எடுத்தவர்களில் பலர் ஏதோ ஒரு வரியைப் பார்த்துக் கவலைப்படுவது இதனால்தான்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. சிறுநீரகத்துக்குப் பார்க்கும் கிரியேட்டினின் போன தடவை 0.8, இந்தத் தடவை 1.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். பல ஆய்வகங்களில் இரண்டுமே எல்லைக்குள் இருக்கும், சிவப்பு வராது. ஆனால் எண் பாதிக்குப் பாதி கூடியிருக்கிறது. டாக்டரிடம் கேட்க வேண்டிய விஷயம் இது. போர்ட்டலின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. கையில் இருக்கும் தாள் இன்றைய எண்ணை மட்டும் காட்டும். போர்ட்டலில் அந்தப் பரிசோதனையின் பெயரைத் தொட்டால், பெரும்பாலும் சில வருட எண்களைக் கோடாக வரைந்து காட்டும். அந்தக் கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.

கோடு திடீரென்று எகிறினால் உடனே பதறாமல் அலகையும் ஒரு தடவை பாருங்கள். சுகரைச் சில ஆய்வகங்கள் மில்லிகிராமிலும் சில மில்லிமோலிலும் தரும். முதலாவதை 18ஆல் வகுத்தால் இரண்டாவது வரும். அதாவது 126 என்பதும் 7 என்பதும் ஒன்றுதான். ஆய்வகம் மாறினாலும் எண்கள் கொஞ்சம் மாறும். தொடர்ந்து கவனிக்க வேண்டிய பரிசோதனையை முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் எடுங்கள்.

எண்ணுக்குப் பின்னால் இருக்கும் உடம்பையும் மறந்துவிடக் கூடாது. எச்பிஏ1சி என்பது சுமார் மூன்று மாத சுகரின் சராசரி என்று நமக்குத் தெரியும். சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால்தான் அது சாத்தியமாகிறது. இரத்தசோகை இருப்பவர்களுக்கும் சமீபத்தில் இரத்தம் ஏற்றியவர்களுக்கும் அந்த எண் தவறாக வரலாம். வீட்டு மீட்டர் ஒன்று சொல்லி எச்பிஏ1சி வேறொன்று சொன்னால், "எனக்கு இரத்தசோகை இருக்கிறதே, அதனால் இருக்குமா?" என்று கேளுங்கள். நல்ல டாக்டர் அந்தக் கேள்வியை வரவேற்பார்.

வார்த்தைகளும் வழுக்கும். 'நெகட்டிவ்' என்றால் தேடியது கிடைக்கவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் நல்ல செய்தி. ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'அன்ரிமார்க்கபிள்' என்று வந்தால், சொல்லும்படி எதுவும் இல்லை, அதாவது இயல்பாக இருக்கிறது. ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கடைசியிலிருந்து படியுங்கள். 'இம்ப்ரெஷன்' என்ற பகுதியில்தான் அவர்களின் முடிவு இருக்கும். மேலே இருப்பது கண்ணில் பட்ட எல்லாவற்றின் கணக்கு.

பயாப்சி (சதையில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) போன்ற பெரிய பரிசோதனைக்கு மட்டும் மாதிரி கொடுக்கும் நாளிலேயே ஒரு முடிவு எடுத்துக்கொள்ளுங்கள்: ரிப்போர்ட் வந்தால் நானே திறப்பேனா, டாக்டர் சொல்லும்வரை காத்திருப்பேனா? திறப்பதாக இருந்தால் பக்கத்தில் யார் இருப்பார்கள்? டாக்டரிடமும், "முடிவு உங்களுக்கு முன் என் போனுக்கு வந்துவிட்டால் நான் யாரைக் கூப்பிடுவது?" என்று கேட்டு வையுங்கள். இப்படி முன்கூட்டியே முடிவு தெரிவதை மக்கள் வெறுப்பார்கள் என்று பலர் நினைத்தார்கள். 2023இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 8,139 பேரைக் கேட்டபோது, டாக்டர் பார்ப்பதற்கு முன்பே வந்தாலும் பரவாயில்லை, உடனே தெரிய வேண்டும் என்று ஏறத்தாழ 96 சதவீதம் பேர் சொன்னார்கள். எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் உங்களுக்கு வேண்டாம் என்றால் அறிவிப்பை அணைத்து வைப்பதும் உங்கள் உரிமை.

ரிப்போர்ட்டை ஏஐ செயலியில் போட்டு விளக்கம் கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. கடினமான சொல்லுக்கு அர்த்தம் கேட்கவும், டாக்டரிடம் கேட்கக் கேள்விகளைத் தயார் செய்யவும் அது உதவும். பெயர், பிறந்த தேதி, பதிவு எண் எல்லாவற்றையும் மறைத்துவிட்டுப் போடுங்கள். மருந்தை நிறுத்துவதையும் கூட்டுவதையும் மட்டும் அதை நம்பிச் செய்யாதீர்கள். உங்கள் மற்ற நோய்கள் அதற்குத் தெரியாது.

நான்காம் படி: டாக்டர் எழுதிய குறிப்பைப் படியுங்கள்

போர்ட்டலில் குறிப்புகள் தெரிகிற வசதி இருந்தால் அது பெரிய வரம். டாக்டர் அறையில் கேட்டதில் பாதி, வெளியே வருவதற்குள் மறந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து நிதானமாகப் படித்தால், 'மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன்' என்று ஒரு வரி இருக்கும். நம் நினைவில் அது இருக்காது. அந்த வரியை அப்படியே காலண்டரில் ஏற்றிவிடுங்கள்.

சில சொற்கள் மனசைக் குத்தலாம். 'புகைப்பழக்கத்தை மறுக்கிறார்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் உங்களை நம்பவில்லை என்று பொருளல்ல. நீங்கள் இல்லை என்று சொன்னதை அவர்கள் எழுதும் பழைய வழக்கம் அது. 'எஸ்ஓபி' என்ற மூன்றெழுத்து ஆங்கிலத்தில் ஒரு வசவுக்கும் சுருக்கம் என்பதால், அதைப் பார்த்துத் திகைத்தவர்கள் உண்டு. மருத்துவச் சுருக்கெழுத்தில் அது மூச்சுத் திணறல், திட்டு அல்ல. உடல் பருமனைப் பற்றிய மருத்துவச் சொல்லும் அப்படித்தான். ஆனால் ஒரு வரி உண்மையிலேயே உங்களைத் தவறாகக் காட்டுகிறது என்றால் பொறுத்துக்கொண்டு போக வேண்டாம், சொல்லுங்கள். அடுத்து உங்களைப் பார்க்கும் டாக்டர், உங்கள் முகத்துக்கு முன் அந்த வரியைத்தான் பார்ப்பார்.

ஐந்தாம் படி: போவதற்கு முன்பே சந்திப்பைத் தொடங்கிவிடுங்கள்

சந்திப்புக்கு இரண்டு நாள் முன் போன தடவைக் குறிப்பை ஒரு தடவை படியுங்கள். அப்புறம் மூன்றே கேள்விகள் எழுதுங்கள். பத்து எழுதினால் நேரம் இருக்காது. மிக முக்கியமானது கடைசியில் மாட்டிக்கொள்ளும். எது உங்களை அதிகம் கவலைப்படுத்துகிறதோ அதை முதலில் வையுங்கள்.

சந்திப்புகளுக்கு இடையில் கேட்பதற்குச் செய்தி வசதி இருக்கிறது. "டாக்டர், உடம்பு சரியில்லை" என்று அனுப்பினால் பதிலுக்கு நாலு கேள்விகள்தான் வரும், இரண்டு நாள் போய்விடும். இப்படி அனுப்பிப் பாருங்கள்: "பத்து நாள் முன் புது பிரஷர் மாத்திரை ஆரம்பித்தேன். நான்கு நாளாக வறட்டு இருமல், ராத்திரியில் அதிகம். காய்ச்சல் இல்லை. மாத்திரை காரணமாக இருக்குமா? தொடரலாமா?" என்ன, எப்போதிலிருந்து, என்ன மாறியது, என்ன வேண்டும் எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது. இதை ஒரே செய்தியில் முடித்துவிடலாம். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், வாய் கோணுதல், ஒரு பக்கம் கை கால் விழுதல் மாதிரியானவற்றை மட்டும் ஒருபோதும் செய்தியாக அனுப்பாதீர்கள். அதை யார் எப்போது படிப்பார்கள் என்று சொல்ல முடியாது. அவசர எண்ணை உடனே அழையுங்கள்.

ஆறாம் படி: வீட்டில் எடுக்கும் அளவுகள் நம்பும்படி இருக்கட்டும்

பிரஷர் கருவி நிறைய வீடுகளில் இருக்கிறது. சரியாகப் பார்ப்பவர்கள் குறைவு. பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பிலிருந்து காபி, புகை, உடற்பயிற்சி வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கை மேசைமேல், பட்டை இதயத்தின் உயரத்தில். பேசக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பாருங்கள். காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும் இப்படி ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரியை டாக்டருக்கு அனுப்புங்கள். கைக்குச் சின்னதான பட்டையைக் கட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும். அதனால் கை சுற்றளவை அளந்து பட்டை வாங்குங்கள்.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்காக? டாக்டரைப் பார்த்தாலே பிரஷர் ஏறுகிறவர்கள் உண்டு. அங்கே மட்டும் இயல்பாக இருந்து வீட்டில் ஏறுகிறவர்களும் உண்டு. ஆஸ்பத்திரியில் 140/90 என்பது எல்லை என்றால், வீட்டு அளவுக்கு 135/85 என்று வைக்கிறார்கள். வீட்டுச் சராசரி இல்லாமல் இந்த இரண்டு வகையினரையும் பிரித்தறிவது கடினம். ஒழுங்காக எடுத்த ஏழு நாள் அளவு, தேவையில்லாத மாத்திரையைத் தவிர்க்கவும் செய்யும், தேவையானதை நேரத்தில் தொடங்கவும் வைக்கும்.

கைக்கடிகாரங்கள் இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் போவதைக் காட்டிக்கொடுக்க உதவும். ஆனால் மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. கடிகாரம் 'சரியாக இருக்கிறது' என்று சொன்னாலும் நெஞ்சு வலித்தால் கிளம்பிவிடுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி குளிர்ந்த விரலிலும் நகப்பூச்சு இருந்தாலும் தவறும். கருமையான தோல் உள்ளவர்களுக்கு உண்மையைவிடக் கூட்டிக் காட்டவும் வாய்ப்புண்டு. 95 என்று நின்றாலும் மூச்சு வாங்கினால் எண்ணைவிட உடம்பையே நம்புங்கள்.

ஏழாம் படி: பிரதி ஒன்று உங்களிடம்

ஒரு ஆஸ்பத்திரியின் போர்ட்டலுக்கு இன்னொன்றில் நடந்தது பெரும்பாலும் தெரியாது. ஆகவே வருடத்துக்கு இரண்டு தடவையாவது ரிப்போர்ட்டுகளையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் பிடிஎஃப்பாக இறக்கி வையுங்கள். கோப்பின் பெயரை வருடம், மாதம், தேதி, பரிசோதனை என்ற வரிசையில் வைத்தால் தானாக அடுக்கிக்கொள்ளும். ஸ்கேனுக்கு எழுத்து ரிப்போர்ட் மட்டும் போதாது. படங்களையும் கேட்டு வாங்குங்கள். புதிய டாக்டர் ஒப்பிட்டுப் பார்க்க அவைதான் வேண்டும்.

இவ்வளவையும் யாரும் அவசரத்தில் படிக்க மாட்டார்கள். அதனால் ஒரே ஒரு பக்கம் தனியாகத் தயார் செய்யுங்கள்: நோய்கள், இப்போது சாப்பிடும் மருந்துகள், ஒவ்வாமை, செய்த ஆபரேஷன்கள், டாக்டர்களின் எண்கள், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது. மேலே தேதி போடுங்கள். தேதி இல்லாத பட்டியலை நம்புவது கடினம். போனில் பூட்டைத் திறக்காமலே மருத்துவ விவரத்தைக் காட்டும் வசதி இருக்கிறது. ஒவ்வாமையையாவது அதில் ஏற்றிவிடுங்கள்.

எட்டாம் படி: வீட்டாரைச் சேர்ப்பது

அம்மாவின் பாஸ்வேர்டை வாங்கி நாமே உள்ளே போவது எளிது. ஆனால் அது சரியான வழி அல்ல. பல போர்ட்டல்களில் நோயாளியின் சம்மதத்தோடு இன்னொருவருக்குத் தனி அனுமதி தரும் ஏற்பாடு இருக்கிறது. அப்போது செய்தி யார் எழுதியது என்று டாக்டருக்குத் தெரியும். எதைக் காட்டுவது, எதைக் காட்ட வேண்டாம் என்பதையும் பெரும்பாலும் நோயாளியே தேர்ந்தெடுக்கலாம். பெற்றோருக்கும் பிள்ளைகளிடம் சொல்ல விரும்பாத விஷயங்கள் இருக்கும். வளர்ந்த பிள்ளைகளுக்கு அப்பா அம்மாவிடம் சொல்ல முடியாதவை இருக்கும். அதற்கு இடம் விடாவிட்டால் அவர்கள் டாக்டரிடம் உண்மையைச் சொல்வதை நிறுத்திவிடுவார்கள்.

யார் எப்போது உங்கள் பதிவைத் திறந்தார்கள் என்று காட்டும் பட்டியலும் சில போர்ட்டல்களில் உண்டு. எஸ்டோனியாவில் எந்த டாக்டர் பார்த்தாலும் அது நோயாளிக்குத் தெரியும். உங்களுடையதில் அப்படி இருந்தால் மாதம் ஒரு தடவை கண்ணை ஓட்டுங்கள், தெரியாத பெயர் இருந்தால் கேளுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது எந்த டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாலும், அன்று சாயங்காலமே அம்மா மாத்திரை டப்பாவோடு உட்காருகிறார். நான் ஆப்பில் இருக்கும் பட்டியலை ஒவ்வொன்றாக வாசிப்பேன், அவர் அட்டையை எடுத்துக் காட்டுவார். போன தடவை இரண்டு வித்தியாசம் இருந்தது. செய்தி அனுப்பினோம், மறுநாள் மதியத்துக்குள் திருத்திவிட்டார்கள்.